பெரியப்பாவின் பத்மினியில் மின்வெட்டு

எங்கள் பெரியப்பாவிடம் 1986-ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி ஒன்று இருக்கிறது. சந்தன நிறம், 1089 சிசி எஞ்சின், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர், ஏசி கிடையாது. பம்பாய் குர்லாவிலிருந்து வந்த வண்டி. பத்மினி தயாரிப்பு நின்று கால் நூற்றாண்டு ஆகிவிட்டது என்றாலும், அந்தச் செய்தியைப் பெரியப்பா இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. மின்வாரியத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் எழுத்து மூலமாகத் தெரிவித்தால்தான் நம்புவார்.

ஏசி இல்லாததால் நான்கு கண்ணாடிகளும் எப்போதும் இறங்கியே இருக்கும். அண்ணா சாலையில் மாநகரப் பேருந்து ஒன்று பக்கத்தில் வந்து ஹாரன் அடித்தால், பல்லவி முடிந்து சரணம் தொடங்கியதே தெரியாது. முன்சீட்டில் உட்கார்ந்து பழைய பாட்டுக் கேட்பது பெரியம்மாவின் ஒரே பொழுதுபோக்கு. ஒருநாள் கேட்டார்: "பாட்டு நம் வண்டியில்தான் ஓடுகிறதா, இல்லை பக்கத்து வண்டியிலா?"

பெங்களூரில் படிக்கும் பேரன் அப்போது விடுமுறைக்கு வந்திருந்தான். "ஆம்பிளிஃபயர் போட்டுவிடலாம் தாத்தா, ஒரே நாள் வேலை" என்றான். இந்த ஒரே நாள் வேலை என்ற சொற்றொடரை நம் குடும்பங்களில் சட்டம் போட்டுத் தடைசெய்ய வேண்டும். டார்ச் பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டார்கள்.

முதலில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. சென்னையில் கார் அலங்காரப் பொருள் எது வேண்டுமானாலும் அங்கேதான் போக வேண்டும். ஒரு கடையில் நீல விளக்கு எரியும் பெட்டி ஒன்றை எடுத்து வைத்து, "2000 வாட்ஸ் சார்" என்றான் பையன். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியின் பக்கவாட்டைப் பார்த்தார். 20 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு செருகியிருந்தது.

"தம்பி, இரண்டு ஃபியூஸும் சேர்ந்து 40 ஆம்பியர். வண்டி ஓடும்போது 14 வோல்ட் என்று வைத்துக்கொள். பெருக்கினால் 560 வாட்ஸ். உள்ளே 560 போய் வெளியே 2000 வருகிறது என்றால் இதை ஏன் இங்கே விற்கிறீர்கள்? மேட்டூரில் அல்லவா வைத்திருக்க வேண்டும்?"

"அது பீக் சார்."

"பீக் என்றால்?"

"ஒரு கணம் வரும் சார்."

"வந்துவிட்டு எங்கே போகும்?"

பையன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி கால்குலேட்டரைப் பார்த்தார். உண்மையில் பெரியப்பா அந்தப் பெட்டிக்கு இன்னும் சலுகைதான் காட்டினார். ஏபி வகை ஆம்பிளிஃபயர் வாங்கும் மின்சாரத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் ஸ்பீக்கருக்குப் போகும், மீதி சூடாகிவிடும். அட்டையில் அச்சடித்த வாட்ஸை விட்டுவிட்டுத் தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் கணக்கைத்தான் பார்க்க வேண்டும் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். வாங்க வருகிறவர்களுக்குத் தெரியாது என்பதில்தான் கடை வாடகையே வருகிறது. கடைசியில், சேனலுக்கு 50 வாட்ஸ் வீதம் நான்கு சேனல் கொண்ட, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய டி வகைப் பெட்டி ஒன்றைக் காட்டினார்கள். இந்த வகை மின்சாரத்தை அவ்வளவாக வீணாக்காது. "இது நியாயமாகப் பேசுகிறது" என்று பெரியப்பா வாங்கிவிட்டார். விலையில் பேரம்கூடப் பேசவில்லை. கடைக்காரர் முகத்தில் அப்படியொரு விடுதலை.

வேலை செய்தவர் புதுப்பேட்டையில் பழைய வண்டிகளுக்கு மட்டும் ஒயரிங் பார்க்கும் பாய். பானெட்டைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பாடிக்கு நெகட்டிவ்தானே?" நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. மோரிஸ் மைனர் போன்ற பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். இந்தக் காலத்துப் பெட்டியை அதில் அப்படியே திருகினால் பாட்டுக்கு முன்னால் புகை வரும். பத்மினி ஃபியட் வம்சம் என்பதால் அந்த வம்பு இல்லை.

அடுத்தது டைனமோ, வண்டிக்குள் மின்சாரம் தயாரிக்கும் பழைய காலத்துக் கருவி. அதன் இடத்துக்குப் பின்னால் வந்த ஆல்டர்நேட்டர் பெரியப்பாவின் வண்டியில் கிடையாது. டைனமோ என்பது வண்டி வேகமாக ஓடினால் சம்பாதிக்கும், சிக்னலில் நின்றால் கையை விரித்துவிடும். நின்றதும் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எட்டிப் பார்க்கும், மறுபடி வேகம் எடுக்கும்வரை பேட்டரியின் சேமிப்பில்தான் குடும்பம் ஓடும். பாய் சுருக்கமாகச் சொன்னார்: "மாருதி ஆல்டர்நேட்டர் ஒன்று மாட்டிவிடுகிறேன், கவலையே இல்லை."

பெரியப்பாவுக்கு அது சம்மதமில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஆம்பிளிஃபயர் வந்த அட்டையின் பின்பக்கத்தில் வரவு செலவு எழுதினார். டைனமோ முழு வேகத்தில் கொடுப்பது சுமார் 22 ஆம்பியர். ஹெட்லைட் இரண்டும் ஹாலஜன், அதற்கு 10. இக்னிஷன் காயிலுக்கு 4. பின்விளக்கு, மீட்டர் விளக்குக்கு 2. மழை வந்தால் வைப்பருக்கு 3. மிச்சம் 3 ஆம்பியர். ஆம்பிளிஃபயர் முழுச் சத்தத்தில் கேட்பது 20-க்கு மேல். பாட்டு என்பது எப்போதும் முழுச் சத்தத்தில் ஓடுவதில்லை, சராசரியில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது என்று பேரன் வாதாடினான். "பற்றாக்குறை பற்றாக்குறைதான்" என்றார் பெரியப்பா. அட்டையை மடித்து வைத்துக்கொண்டார். அந்த மடிப்பின் விளைவு பின்னால் தெரிந்தது.

ஒயரிங் ஆரம்பமானது. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வைக்க வேண்டும் என்று பெரியப்பா அடம்பிடித்தார், பாயும் தலையாட்டினார். அந்த ஃபியூஸ் காப்பது ஆம்பிளிஃபயரை இல்லை, ஒயரை. ஒயர் எங்கேயாவது உரசி பாடியைத் தொட்டால் ஃபியூஸ் போய்விடும், ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் நீளத்தில் தொட்டால் அது முழுவதும் ஹீட்டர் கம்பியாகிவிடும். பவர் ஒயரை இடது ஓரமாகவும் பாட்டு வரும் கேபிளை வலது ஓரமாகவும் கொண்டுபோனார்கள். பெட்டி முன்சீட்டுக்கு அடியில் போயிற்று. எர்த்துக்காக பாய் சீட்டுக்குக் கீழே தரைத் தகட்டில் ஒரு ரூபாய் அளவுக்கு பெயிண்டைச் சுரண்டினார். உப்புத்தாள் பட்டு வெள்ளி போல இரும்பு பளிச்சென்று தெரிந்தது. பெரியப்பா மறுபக்கம் திரும்பிக்கொண்டார். சொந்தக்காரர் ஆபரேஷன் அறைக்குள் வரக்கூடாது என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

சாவியைத் திருப்பினால் பெட்டியில் பச்சை விளக்குக்குப் பதில் சிவப்பு. பேரன் இணையத்தில் தேடத் தொடங்கினான். பாய் பின்சீட்டுக்கு மேலே இருந்த பலகையைத் தூக்கி, உள்ளே கையை விட்டு, எதையோ தடவி, ஒரு பழைய திருகாணியோடு கையை வெளியே எடுத்தார். முன்காலத்து செட்டுகளில் ஒயரை மிச்சம்பிடிக்க ஸ்பீக்கரின் ஒரு முனையை பாடியிலேயே திருகிவிடுவார்கள். இன்றைய ஆம்பிளிஃபயருக்கு அது ஷார்ட் மாதிரி. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வாயை மூடிக்கொள்ளும். திருகாணியின் வயது எனக்குத் தெரிந்து முப்பதுக்கு மேல். புது ஒயர் இழுத்ததும் பச்சை எரிந்தது.

பாட்டும் வந்தது. பாட்டோடு சேர்ந்து வண்டியும் வந்தது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க "ஊஊ" என்று டைனமோ சுருதி ஏறியது. காயிலுக்குக் கரண்டை விட்டுவிட்டுத் தரும் பிளாட்டினம் பாயிண்ட் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் "டிக்" என்று ஒரு தாளம். இண்டிகேட்டர் போட்டால் அதற்கொரு தனி ஆவர்த்தனம். ஹாரன் அடித்தால் வெளியே இருப்பவர்களைவிட எங்களுக்கு அதிகமாகக் கேட்டது. முன்பெல்லாம் வெட்கப்பட்டுக்கொண்டு இருந்த சத்தங்கள், மைக் கிடைத்ததும் மேடை ஏறிவிட்டன. "இந்த வண்டிக்குள் இவ்வளவு நடக்கிறதா?" என்றார் பெரியம்மா.

பாய் ஒவ்வொன்றாக அடக்கினார். டைனமோவின் கார்பன் பிரஷ்ஷைத் துடைத்து, கரண்ட் வெளியே வரும் முனையில் இரைச்சலை உறிஞ்ச ஒரு கண்டென்சர். காயிலுக்கு பேட்டரி வரும் பக்கத்தில் இன்னொன்று. "பாயிண்ட் பக்கம் போட்டால் வண்டியே ஓடாது, டைனமோவில் ஃபீல்டு முனையில் போட்டால் அதைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் பெட்டி போகும்" என்று எனக்குப் பாடமும் நடத்தினார். டேப்பின் எர்த்தையும் ஆம்பிளிஃபயரின் எர்த்தையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்ததும் "ஊஊ" பெருமூச்சாக இறங்கியது. இண்டிகேட்டர் மட்டும் அடங்கவில்லை. "அது இருக்கட்டும், திரும்பிய பிறகு அணைக்க மறக்காமல் இருக்கும்" என்றார் பெரியப்பா.

இனி எல்லாம் சுகம் என்று பேரன் பேஸைக் கொஞ்சம் ஏற்றினான். நம்பர் பிளேட் பாட ஆரம்பித்தது. சாம்பல் கிண்ணம், டேஷ்போர்டு மூடி, பின்பலகை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையார், ஒட்டியிருந்ததாக நாங்கள் நம்பிய பிள்ளையார், மிருதங்கம் விழும் ஒவ்வொரு அடிக்கும் நூலளவு திரும்பினார். கிண்டியில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சைதாப்பேட்டைப் பாலத்தில் பக்கவாட்டில் இருந்தார், நந்தனம் சிக்னலில் முதுகைக் காட்டிவிட்டார். பெரியம்மா பேசவில்லை. கையை நீட்டி பேஸைச் சுத்தமாகக் குறைத்தார். அது அன்றிலிருந்து அப்படியே இருக்கிறது.

மறுநாள் காலை இன்னொரு புகார். பெரியப்பாவுக்கு 6.45 மாநிலச் செய்திகளை மீடியம் வேவில் கேட்க வேண்டும், அதுவும் போர்ட்டிகோவில் நிற்கும் காரில் உட்கார்ந்து. முள்ளை 720-க்குக் கொண்டுபோனால் செய்தி வாசிப்பவருக்குப் பதில் கொதிக்கும் எண்ணெய்ச் சத்தம். டி வகை ஆம்பிளிஃபயர் ஒரு விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை விட்டுவிட்டு இயங்குவது. அந்த அலையும் அதன் மடங்குகளும் மீடியம் வேவின் மடியிலேயே போய் உட்கார்ந்துகொள்கின்றன. எஃப்எம் தப்பித்துவிடும். பாய் ஆம்பிளிஃபயரை அணைக்க ஒரு சுவிட்ச் வைத்து, பழைய டேஷ்போர்டு ஸ்பீக்கரைச் செய்திக்கென்று தனியாக விட்டார். சுவிட்சைக் கையில் எடுத்ததும்தான் பெரியப்பாவுக்கு மடித்து வைத்த அட்டை நினைவுக்கு வந்தது.

பாயைத் தனியாக அழைத்துப்போய் ஏதோ பேசினார். பாய் சிரித்துக்கொண்டே ஒரு ரிலேயை, அதாவது கரண்ட் வந்தால் தானாக இயங்கும் சுவிட்சை, எடுத்து வந்தார்.

அடுத்த வாரம் தாம்பரத்தில் ஒரு வரவேற்பு. பெரியம்மா பட்டுப் புடவையில் முன்சீட்டில் உட்கார்ந்து, தனக்குப் பிடித்த பாட்டை ஒலிக்கவிட்டார். பேருந்து வந்தது, ஹாரன் அடித்தது, பாட்டு அசையவில்லை. பல்லாவரம் தாண்டும்போது இருட்டத் தொடங்கியது. பெரியப்பா ஹெட்லைட்டைப் போட்டார். பாட்டு நின்றது.

பெரியம்மா டேப்பைத் தட்டினார். ஹெட்லைட்டை அணைத்தார் பெரியப்பா, பாட்டு வந்தது. போட்டார், நின்றது.

"சுமை அதிகமாகும் நேரத்தில் அவசியமில்லாத இணைப்பைத் தானாகவே துண்டிக்கும்" என்று பெருமையோடு விளக்கினார். ஆம்பிளிஃபயரை எழுப்பும் மெல்லிய ஒயரை அந்த ரிலே வழியாகக் கொண்டுபோயிருக்கிறார். ஹெட்லைட்டுக்குக் கரண்ட் போனால் ரிலே இழுத்து ஆம்பிளிஃபயரைத் தூங்கவைத்துவிடும். வேலை சுத்தம், குறை சொல்ல இடமில்லை.

பெரியம்மா பின்சீட்டிலிருந்த என் பக்கம் திரும்பினார். "வேலையில் இருந்தபோது ஊருக்குச் செய்ததை, ஓய்வு பெற்ற பிறகு எனக்குச் செய்கிறார்."

ஆல்டர்நேட்டர் பேச்சு மறுபடியும் எழுந்தது. பேரன் பணம் தருவதாகக்கூடச் சொல்லிப் பார்த்தான். டைனமோ இருக்கும்வரை டைனமோதான் என்று கோப்பு மூடப்பட்டுவிட்டது. பெரியம்மா வேறு வழி கண்டுபிடித்தார். முகூர்த்தத்துக்குப் பகலில் பத்மினி, மாலை வரவேற்புக்கு ஆட்டோ. ஆட்டோவில் பின்சீட்டுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய பெட்டி, நீல விளக்கு, ஹெட்லைட் எரிந்தாலும் நிற்காத பாட்டு. "இன்னும் கொஞ்சம் கூட்டுப்பா" என்று பெரியம்மா சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பா வாயைத் திறக்க மாட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "அது வேறு சப்ஸ்டேஷன்" என்றார்.