அந்த நைனா எங்க போய்ட்டான்?

சென்னை காசிமேட்டு மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து என் படத்தைப் போனில் முழுசாகப் பார்த்து முடித்த மீன்கார ஆயா, வெற்றிலைச் சாற்றை ஓரமாகத் துப்பிவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அதுங்க நைனா எங்க போய்ட்டான்?"

நான் எதிர்பார்த்தது வேறு. பயப்படுவார், இல்லாவிட்டால் 'ஐயோ பாவம்' என்றாவது சொல்வார் என்று நினைத்திருந்தேன். படத்தில் வருவது ஹான்சலும் கிரேத்தலும் என்ற ஜெர்மானியப் பாட்டிக் கதை. வீட்டில் ஒருவேளைச் சோற்றுக்கு வழியில்லை என்று, பெற்றவளே பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வரச் சொல்கிறாள். கிழவி ஒருத்தி அடுப்பில் வேகிறாள். பின்னணியில் சாவு மேளத்தின் வேகத்தைக் குறைத்துப் போட்டிருக்கிறோம். எடிட்டிங் ரூமில் நடு ராத்திரியில் அதைக் கேட்டால் எங்களுக்கே வயிற்றைக் கலக்கும். ஆயாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. "கொழந்தைங்கள காட்டுக்கு இட்டுகினு போனதே அவன் தான? அப்புறம் இன்னாத்துக்கு அவள மட்டும் காட்டிகினு இருக்க?" என்றார். பக்கத்தில் சங்கராவைக் கூறு கட்டிக்கொண்டிருந்த அக்கா, "அதான" என்றார். அவ்வளவுதான், போன் என் கைக்குத் திரும்பி வந்துவிட்டது.

நான் மலேசியாவின் கிள்ளான்காரி. விஸ்காம் படிக்கச் சென்னைக்கு வந்தேன். தங்கியிருப்பது ராயபுரத்தில், அப்பாவுக்குத் தூரத்து உறவான ஓர் அத்தை வீட்டு மாடியில். கல்லூரியில் இதைச் சொன்னால், "ஏன், அடையார் பக்கம் ரூம் கிடைக்கலையா?" என்பார்கள். கிடைத்தது. வாடகையைக் கேட்டுவிட்டுத்தான் வடக்கே திரும்பினேன். தவிர, துறைமுகம் இல்லாத ஊர் எனக்கு ஊராகவே படுவதில்லை. அங்கே அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். இங்கேயும் ராத்திரி முழுக்கக் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் நுழைய வரிசை கட்டி நிற்கும். முதல் வாரம் அந்த ஹாரன் சத்தத்தில்தான் நிம்மதியாகத் தூங்கினேன். அத்தை வீட்டில் யாரும் இதை நம்பவில்லை.

தாத்தா கப்பல் ஏறியதும் இந்தக் கரையில்தான். மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் என்று ரஜூலா கப்பல் போய் வந்துகொண்டிருந்த காலம். கிள்ளான் துறைமுகத்துக்கு அப்போது அந்தப் பெயர். அவர் இறங்கிய இடத்தில் பிறந்து, ஏறிய இடத்துக்கு வந்திருக்கிறேன் என்று ஒருமுறை கண் கலங்கச் சொன்னேன். "அப்ப ரிட்டர்ன் டிக்கெட்டா?" என்றான் எங்கள் கேமராமேன். அவன் வியாசர்பாடி. அவனிடம் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுவதை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

வகுப்பில் மற்றவர்கள் கானா, பாக்ஸிங், கேரம் என்று ஆவணப்படத்துக்குத் தலைப்பு எடுத்தார்கள். நான் தேவதைக் கதைகள் எங்கிருந்து வந்தன என்று எடுக்கப்போவதாகச் சொன்னதும் கைடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சின்ன வயதில் கார்ட்டூனில் பார்த்த கதைகளுக்குப் பின்னால் எவ்வளவு ரத்தம் என்று தெரிந்துகொண்டதிலிருந்து அது என்னை விடவில்லை. ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் சிண்ட்ரெல்லா கதையில் செருப்புக்குள் கால் நுழைய ஓர் அக்கா கட்டைவிரலை வெட்டிக்கொள்கிறாள், இன்னொருத்தி குதிகாலை. ஸ்னோ ஒயிட்டைக் கொல்லப் பார்த்த ராணி, பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பில் சாகும்வரை ஆடுகிறாள். 1697இல் பிரான்சில் பெரோ அச்சிட்ட சிவப்புத் தொப்பிச் சிறுமியை ஓநாய் தின்றுவிடும், கதையும் அதோடு முடிந்துவிடும். காப்பாற்ற வேட்டைக்காரன் எல்லாம் வரமாட்டான். அதற்கும் முன்னால் இத்தாலியின் நேப்பிள்ஸில் பசிலே எழுதிய தூங்கும் அழகி கதை இருக்கிறதே, அதை ஆயாவிடம் சொல்ல எனக்கு நாக்கு கூசியது. தூங்குகிறவளிடம் ராஜா செய்துவிட்டுப் போகும் காரியத்துக்கு இன்றைக்கு என்றால் நேராகப் போலீஸ் கேஸ்தான். அவள் கண் விழிக்காமலே இரட்டைப் பிள்ளை பெறுகிறாள். கடைசியில் அவனையே கட்டிக்கொள்கிறாள்.

இருட்டான படமாக வேண்டும் என்று முடிவு செய்தோம். முகம் தெரியாது. நிழல், கை, குரல் மட்டும். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் கரையோரம் நெருக்கியடித்து நின்றன. இரண்டு படகுகளுக்கு இடையிலிருக்கும் இடுக்கில் கேமராவை வைத்தால் போதும், செலவில்லாமல் ஒரு ஜெர்மானியக் காடு. ஆனால் கேமராவைத் தூக்கிக்கொண்டு காசிமேட்டுக்குள் நுழைந்தாலே எல்லோரும் கேட்பது, "இன்னா, ரவுடிப் படமா?" கேட்கிறவர்கள் முகத்தில் அத்தனை அலுப்பு. இந்தப் பக்கத்தைக் காட்டுவதென்றால் கத்தி, கஞ்சா, கொலை என்று சினிமா பழக்கி வைத்திருக்கிறது. "இல்லண்ணா, ஜெர்மனி பாட்டிக் கதை" என்றதும் ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

குதிகால் வெட்டும் காட்சிக்கு மீன் வெட்டும் அண்ணனிடம் போனோம். முழு வஞ்சிரத்தைத் துண்டு போடும் கையை அருகில் வைத்து எடுத்தோம், மேலே கதை சொல்லும் குரல். விவரம் கேட்டுக்கொண்ட அவர், "காலுன்னா இவ்ளோ ஈஸியா வெட்டாது. எலும்பு இருக்குல்ல" என்று தொழில் முறையில் திருத்தினார்.

ஆயா பழக்கமானது அந்த நாட்களில்தான். எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் ஜெர்மனியில் காஸல் நகரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி. கிரிம் சகோதரர்களுக்கு ஏராளமான கதைகள் கொடுத்தவர் டோரோத்தியா ஃபீமான். தையல்காரர் மனைவி. தோட்டத்தில் விளைந்ததைக் காஸல் சந்தையில் விற்க வருவார், அப்படியே கிரிம் வீட்டுக்குப் போய்க் கதை சொல்வார். சொன்ன கதையைத் திருப்பிக் கேட்டால் வார்த்தை மாறாமல் சொல்வாராம். அண்ணன் தம்பி இரண்டு பேரும் பெரிய படிப்பாளிகள், கதையோ கூடைக்காரியுடையது. ஆயாவும் அப்படித்தான். யாருக்கு எத்தனை கிலோ நெத்திலி கடன் என்பதை நோட்டுப் புத்தகம் இல்லாமலே சொல்வார்.

அவருக்கு நான் சொன்ன கதைகளில் பிடித்தது ஒன்றே ஒன்று, மீன் கதை. துவான் செங்ஷி என்ற சீனர் 9ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தது. யே ஷியன் என்ற பெண் ஆசையாக வளர்க்கும் மீனைச் சித்தி கொன்று சமைத்துவிடுகிறாள். அதன் எலும்பை எடுத்து மறைத்து வைத்துக்கொண்டால் கேட்டதெல்லாம் கிடைக்கிறது, உடுப்பு, செருப்பு உட்பட. ஐரோப்பாவில் சிண்ட்ரெல்லாவை அச்சில் பார்ப்பதற்குப் பல நூறு வருஷங்களுக்கு முன்பு இது. எங்கள் ஊரில் மலாய்க்காரர்கள் சொல்லும் பாவாங் பூத்தே கதையிலும் இதேதான், அதில் செத்துப்போன அம்மாவே மீனாக வருவாள். "இன்னா மீனு?" என்று கேட்டார் ஆயா. கலோய், ஆற்று மீன் என்றேன். "ஆத்து மீனா" என்று உதட்டைப் பிதுக்கினார். மற்றபடி கதை சரியாம்.

சரி, நைனா விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. மறுபடி எல்லாவற்றையும் எடுத்துப் படித்தேன். கிரிம் கதைத் தொகுப்பின் 1812இல் வந்த முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்வது பெற்ற தாய். 1819 பதிப்பில் அவளைச் சித்தியாக மாற்றிவிட்டார்கள். ஹான்சலும் கிரேத்தலும் கதையிலும் அப்படியே, 1840 வாக்கில் தாய் போய்ச் சித்தி வந்துவிட்டாள். பெற்றவள் இப்படிச் செய்வாளா என்று வாசகர்கள் முகம் சுளிக்கக் கூடாதே! படத்தில் இதைத்தான் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி வைத்திருந்தேன். தாய்க்காக இவ்வளவு யோசித்தவர்கள் அப்பனை என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை. ஹான்சலின் அப்பன் மனசில்லாமல் சரி என்கிறான், கூட்டிக்கொண்டு போய் விடுகிறான், கடைசியில் பிள்ளைகள் கொண்டுவரும் முத்தையும் மாணிக்கத்தையும் வைத்துக்கொண்டு சந்தோஷமாக வாழ்கிறான். சிண்ட்ரெல்லாவின் அப்பன் செத்துப்போயிருப்பான் என்று நினைத்திருந்தேன். கிரிம் கதையில் உயிரோடுதான் இருக்கிறான்! வேறு பெண் இருக்கிறாளா என்று இளவரசன் வந்து கேட்டால், செத்துப்போன மனைவியின் வளர்ச்சி இல்லாத பெண் ஒருத்தி இருக்கிறாள், அவள் சரிப்பட மாட்டாள் என்கிறான். ஸ்னோ ஒயிட்டின் ராஜா மறுகல்யாணம் செய்துகொள்வதோடு சரி, அப்புறம் கதையிலேயே இல்லை. கிழவிகளையும் சித்திகளையும் அடுப்பிலும் இரும்புச் செருப்பிலும் வேகவைத்த கதைகள் அப்பன்களை ஓசைப்படாமல் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டன. இத்தனை வருஷம் நானும்தான் கவனிக்கவில்லை, மீன் கூறு போடுகிற நேரத்தில் ஆயா கண்டுபிடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு எந்தக் கதையை எடுத்தாலும் அதே தேடல்தான். பாட்டி சொன்ன நல்லதங்காளையும் விடவில்லை. தோட்டத்து லயத்து வாசலில், மூன்று மணி மழை விட்டபிறகு, எங்களை வரிசையாக உட்கார வைத்துப் பாட்டி ஒப்பாரி மாதிரி இழுத்துச் சொல்வார். பஞ்சம், பிறந்த வீட்டுக்கு ஏழு பிள்ளைகளோடு வந்தவள், அண்ணி மூளி அலங்காரி, கிணறு. ஓடி ஒளியும் பிள்ளையைக்கூடப் பிடித்து இழுத்துப் போடும் இடத்தில் என் தம்பி காதைப் பொத்திக்கொள்வான். அண்ணன் வேட்டைக்குப் போயிருக்கிறான், புருஷன் ஊரில் இருக்கிறான். பாட்டி சாபம் கொடுத்தது முழுக்க மூளி அலங்காரிக்குத்தான். உள்ளே அடுப்பங்கரையில் அம்மா சம்பால் வதக்கும் காரம் மூக்கில் ஏறி நாங்கள் எல்லோரும் தும்முவோம்...

எதற்குச் சொல்ல வந்தேன்? ஆம், பஞ்சம். ஹான்சல் கதையில் 1315 முதல் 1317 வரை ஐரோப்பாவை உலுக்கிய பெரும் பஞ்சத்தின் நினைவு இருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த இடத்துக்குக் காட்சி தேடி பேசின் பிரிட்ஜ் பக்கம் பக்கிங்காம் கால்வாய்க் கரையில் அலைந்தோம். இதே கால்வாயில், நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி 1877–78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டியது. கூலிக்காகப் பட்டினி வயிறோடு மண் சுமந்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரைத்தான் பறக்கும் ரயிலிலும் பஸ்ஸிலும் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிறோம். ஜெர்மானியக் காட்டை அங்கேயே முடித்துக்கொண்டோம்.

இப்போதெல்லாம் இங்கே நன்றாகப் பழகிவிட்டது. ஷேர் ஆட்டோவில் நாலாவது ஆளாகத் தொங்கத் தெரியும். பர்மா பஜார் பக்கம் அத்தோ கடைக்காரர் என்னைப் பார்த்ததும் பூண்டை அதிகம் போடுகிறார். தண்ணீர் வரும் நாள் அத்தைக்கு முன்பே எனக்குத் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போது, கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ரோத்தி சானாய்க்கு ஊற்றும் பருப்புக் குழம்பு வாசம் எங்கிருந்தோ வந்து தொலைக்கிறது. அன்று முழுக்க யாரிடமும் சரியாகப் பேசமாட்டேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் போட்டேன். வழக்கமாக, "சாப்பிட்டியா, சரி, அம்மாகிட்ட கொடுக்கிறேன்" என்பதோடு முடியும். அன்று விடவில்லை. "பாட்டி எங்களுக்குக் கதை சொல்லும்போதெல்லாம் நீங்க எங்கப்பா இருந்தீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ரோட்டுலதான். வேற யாரு உங்களுக்கு மைலோ வாங்குறது?" என்றார். அப்புறம் அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

நான் ஆயாவிடம் போய் அப்பன்களுக்காக வாதாடினேன். "உங்க ஊரு ஆம்பளைங்களும் கடலுக்குப் போயிட்டா நாள் கணக்குல வர்றதில்லையே ஆயா, அப்ப கதையில அவங்களும் காணாமத்தானே போவாங்க?"

"கடலுக்குப் போனவன் காணாம போனவனா? வாய கழுவு" என்று கையை ஓங்கிவிட்டார். "தடைக்காலம் முடியறதுக்குள்ள சாயங்காலமா வந்து பாரு. ஊர்ல இருக்கற நைனாங்க அல்லாம் கரையிலதான் கெடக்குறானுங்க."

போனோம். படகு நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்த ஆட்கள், முதுகில் ஒன்று, மடியில் ஒன்று என்று பிள்ளைகள். ஒரு பொடியன் அப்பாவின் வலை ஊசியைப் பிடுங்கிக்கொண்டு ஓட, அவர் துரத்துவது போல நடித்துக்கொண்டிருந்தார். கேமராமேன் கேட்காமலே ரெகார்ட் பட்டனை அமுக்கிவிட்டான். ஜூன் 14க்குள் கிடைத்த சாயங்காலங்களில் எடுத்ததையெல்லாம் படத்தின் பின்பாதியில் சேர்த்தோம். பசிலே கதையைத் தூக்கிவிட்டோம். ஹான்சல் கதையில் பிள்ளைகள் காட்டுக்குள் போகும் இடத்தில் திரையைக் கறுப்பாக்கி, ஆயாவின் குரலில் அந்தக் கேள்வியை வைத்தோம்.

கைடுக்குப் பிடிக்கவில்லை. முதல் பாதியில் இருந்த இருட்டு பின்னால் போய்விட்டது, ஒரு படம் ஒரே படமாக இருக்க வேண்டும் என்றார். மார்க் சுமார்தான். படத்தின் லிங்கை அப்பாவுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, "கேமரா நல்லா இருக்கு. பின்னாடி தெரியுற கிரேன் எந்த டெர்மினல்?" என்று மெசேஜ் வந்தது. அவரிடமிருந்து எனக்கு வந்த மெசேஜிலேயே நீளமானது அதுதான்.

ஆயா தான் ஜெர்மனி படத்தில் பேசியிருப்பதாக மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். போன வாரம் கடம்பா வாங்கப் போனபோது அடுத்த படத்தையும் அவரே முடிவு செய்துவிட்டார். நல்லதங்காள் அண்ணனை விசாரிக்க வேண்டுமாம். "தங்கச்சி பசியோட வந்து நிக்கிறா, இவனுக்கு இன்னா வேட்டை வேண்டிக் கெடக்குது? அத்த எடு. நானே பேசறேன். இந்தத் தபா துட்டு குடுக்கணும், சொல்ட்டேன்."