ஊக்கு குத்தும் இடம்

மார்பகம் எடுத்த பெண்களுக்கு பிராவும் சிலிக்கான் பேடும் அளவு பார்த்துக் கொடுக்கும் வேலைக்கு நான் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஆரம்பத்தில், டேப்பை மார்புக்குக் கீழே ஒரு சுற்று, மேலே ஒரு சுற்று பிடித்து சைஸ் சொல்லிவிட்டால் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பை மாற்றியவர் ஒரு டீச்சர். கண்ணாடி முன்னால் நேராக நின்று பார்த்தார், இரண்டு பக்கமும் சமமாக இருந்தது, சந்தோஷமாகப் போனார். பத்தே நாளில் திரும்பி வந்து, "போர்டுல எழுதக் கையைத் தூக்கினா மேல ஏறிடுதுங்க, பசங்க முன்னாடி இறக்கி விடவா முடியும்?" என்றபோது அவருக்குக் குரல் கம்மிவிட்டது. தப்பு என் மேல்தான். தழும்பு வலிக்குமே என்று, மார்புக்குக் கீழே சுற்றி வரும் பட்டையை ஒரு சைஸ் தளர்வாகக் கொடுத்திருந்தேன். பேடின் கனத்தைப் பெரும்பாலும் தாங்குவது அந்தப் பட்டைதான், தோள்வார் இல்லை. அது தளர்ந்தால் கையோடு எல்லாமே மேலே ஏறும். அதிலிருந்து யார் வந்தாலும் கையைத் தூக்கச் சொல்கிறேன், குனியச் சொல்கிறேன், தினமும் போடும் ஜாக்கெட்டையும் சேலையையும் கையோடு கொண்டு வரச் சொல்கிறேன்.

"கனமே இல்லாததா கொடுங்கக்கா" என்று நிறைய பேர் கேட்பார்கள். ஆபரேஷன் முடிந்த புதிதில் சரி, ஆறு முதல் எட்டு வாரம், புண் ஆறி டாக்டர் சொல்லும்வரை பஞ்சு பேடுதான் நல்லது. அப்புறமும் அப்படியே விட்டால், மறுபக்கம் கனமாக இருக்கிறவர்களுக்கு ஒரு தோள் இறங்கி கழுத்தும் முதுகும் வலிக்கலாம். சிலிக்கானைக் கையில் வாங்கியதும் "ஜில்லுனு இருக்கே" என்பார்கள். பிராவின் உள்பையில் வைத்து ஐந்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்தால் உடம்புச் சூடு அதில் ஏறிவிடும், முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் வந்த ஒரு அம்மா, மூன்று வருஷமாகக் கர்ச்சீப்பைச் சுருட்டி வைத்து, நழுவாமல் இருக்க ஜாக்கெட்டோடு சேர்த்து ஊக்கு குத்தியிருந்தார். சிலிக்கானில் ஊக்கு பட்டால் ஓட்டை விழுந்து ஜெல் கசிந்துவிடும். "முந்தானை ஊக்கைத் தோள்மேல, இந்த வார் வர்ற இடத்துல குத்துங்கம்மா" என்று அவர் விரலைப் பிடித்துக் காட்டினேன். கண்ணாடியைப் பார்க்காமலே இரண்டு தரம் குத்தி எடுத்துப் பழகினார். கிளம்பும்போது, "அது எங்க வீட்டுக்காரர் கர்ச்சீப்" என்று கேட்டு வாங்கி, நீவி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.