எம்ஜிபி காரில் பழுதறியும் செய்முறைத் தேர்வு: இக்னிஷனை முடித்த பிறகே கார்புரேட்டர்

இங்கிலாந்தில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் படிப்பில் சேர்பவர்கள் மிகவும் அஞ்சுவது பழுதறியும் செய்முறைத் தேர்வுக்குத்தான். தேர்வாளர் வேண்டுமென்றே கோளாறு வைத்த ஒரு காரையும், ஓட்டியவர் சொன்னதாக இரண்டு வரிப் புகாரையும் நம்மிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். எனக்குக் கிடைத்தது 1965ஆம் ஆண்டின் எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் கார். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் ஆலையில் தயாரான இந்த வகையில், அக்காலத்து வண்டிகளில் 1798 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜினும், காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் இரட்டை எஸ்யூ எச்எஸ்4 கார்புரேட்டர்களும், தீப்பொறிக்கான மின்சாரத்தைச் சிலிண்டர்களுக்குப் பகிரும் லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டரும் இருக்கும். "ஒரே சீராக மிதமான வேகத்தில் போகும்போது வெட்டி வெட்டி இழுக்கிறது, பெட்ரோலும் அதிகம் குடிக்கிறது" என்பதுதான் தாளில் இருந்த புகார். இதே தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால், நான் படித்த முறையையும் தேர்வில் நடந்ததையும் எழுதுகிறேன்.

பெட்ரோல் அதிகம் செலவாகிறது என்றதும் கை கார்புரேட்டருக்குப் போவது இயல்பு. அதைக் கட்டுப்படுத்துவதுதான் இந்தத் தேர்வுக்கான முதல் பயிற்சி. எஸ்யூ கார்புரேட்டரின் கலவை சரியா என்பதை நாம் அறிவது இன்ஜினின் சுழற்சி வேகம் கூடுகிறதா குறைகிறதா என்பதைக் கேட்டுத்தான். டைமிங் (தீப்பொறி வரும் தருணம்) பிந்தியிருந்தாலோ தீப்பொறி விட்டுவிட்டு வந்தாலோ அந்த வேகமே நம்ப முடியாததாகிவிடும். ஆகவே வால்வு இடைவெளி (குளிர்ந்த நிலையில் 0.015 அங்குலம்), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்), பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சுற்றைத் திறந்து மூடும் தொடுமுனை), டைமிங், அதற்குப் பிறகே கலவை என்ற வரிசையை மனப்பாடமாக மட்டும் வைத்துக்கொள்ளாமல், ஒவ்வொன்றும் ஏன் அடுத்ததற்கு முன் வருகிறது என்று சொல்லத் தெரிந்துகொள்ளுங்கள். தேர்வாளர் கட்டாயம் கேட்பார்.

வால்வும் கம்ப்ரஷனும் சரியாக இருந்தன. பிளக்குகளைக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே துணியின் மீது வைத்தபோது, முன்னிரண்டின் முனை வெளிர் பழுப்பாகவும், மூன்றும் நான்கும் உலர்ந்த கரி படிந்தும் இருந்தன. இந்த இன்ஜினில் முன் கார்புரேட்டர் 1, 2 சிலிண்டர்களுக்கும் பின் கார்புரேட்டர் 3, 4 சிலிண்டர்களுக்கும் கலவை தருகிறது என்பதால், பின்பக்கம் பெட்ரோல் மிகுதியாகப் போகிறது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் அதைத் தாளில் குறித்துவைத்துவிட்டு, தீப்பொறி தரும் இக்னிஷனுக்கே போனேன். மிதமான வேகத்தில் மட்டும் வெட்டுகிறது, ஐட்லிங்கிலும் முழு ஆக்சிலேட்டரிலும் வெட்டவில்லை என்ற விவரத்தை ஒரு கார்புரேட்டரின் மிகைக்கலவை மட்டும் விளக்காது.

இந்த இடத்தை நன்றாகப் படியுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் குழாய் கார்புரேட்டரில், ஆக்சிலேட்டரை அழுத்தினால் திறக்கும் திராட்டில் தகட்டின் விளிம்பருகே உள்ள சிறு துளையோடு இணைந்திருக்கிறது. திராட்டில் மூடியிருக்கும்போது அந்தத் துளையில் உறிஞ்சல் அநேகமாக இராது. முழுதாகத் திறந்தால் மீண்டும் குறைந்துவிடும். சற்றே திறந்த நிலையில்தான் வலுவாக இருந்து, பாயிண்ட் பொருத்திய தகட்டைச் சுழற்றி டைமிங்கை முன்னே தள்ளும். ஆக, மிதமான வேகத்தில் மட்டும் வரும் கோளாறு என்றால் அந்தப் பாயிண்ட் தகடு நகரும்போது ஏதோ நடக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

பாயிண்ட் இடைவெளியை, கேமின் உச்சியில் நிறுத்தி, ஃபீலர் கேஜால் பார்த்தேன். 0.014 முதல் 0.016 அங்குலம் வரை இருக்கலாம், அதற்குள்ளேயே இருந்தது. பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் இக்னிஷனை ஆன் செய்து, காயிலில் (தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனைக்கும் எர்த்துக்கும் (வண்டியின் உலோக உடல்) நடுவே சோதனை விளக்கை இணைத்தேன். பாயிண்ட் திறந்தால் விளக்கு எரிய வேண்டும், மூடினால் அணைய வேண்டும், அணைந்தே இருந்தது. பிறகு வேக்குவம் குழாயைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சினேன். தகடு மெல்ல நகர்ந்தது, விளக்கு பளிச்சென்று எரிந்தது, விட்டதும் அணைந்தது. தகட்டை டிஸ்ட்ரிபியூட்டர் உடலோடு எர்த் செய்யும் மெல்லிய பின்னல் கம்பி உறைக்குள்ளேயே அறுந்து, இழுபடும்போது விலகிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு முழுதாகத் தெரியும் கம்பி அது. பாயிண்டை எத்தனை முறை மாற்றினாலும் இந்தக் கோளாறு போகாது.

தேர்வாளர் அருகில் வந்து, "பிளக்கில் கரியைப் பார்த்தீர்கள், பிறகும் ஏன் கார்புரேட்டரைத் தொடவில்லை?" என்று கேட்டார். "வெட்டுகிற இன்ஜினில் கலவையைச் சரிபார்த்தால் அந்த அளவை நம்ப முடியாது, ஐயா" என்றேன். வேறொன்றும் கேட்காமல் குறித்துக்கொண்டார்.

கம்பியை மாற்றி, நிலை டைமிங்கை (இன்ஜின் ஓடாதபோது பார்ப்பது) மேல் மையத்துக்கு (இன்ஜின் பிஸ்டன் உச்சிக்கு வரும் புள்ளி) 10 பாகை முன்பாக அதே விளக்கை வைத்துச் சரிபார்த்த பிறகுதான் பின் கார்புரேட்டருக்கு வந்தேன். ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனை விரலால் உயர்த்தி விட்டால் அது தடையின்றி இறங்கி, உலோகத்தில் உலோகம் படும் தெளிவான ஒலியோடு அமர வேண்டும். அமர்ந்தது. அடியில் பெட்ரோல் வரும் ஜெட்டைத் தொட்டு மேல்நோக்கி அழுத்தியபோது அது சற்று ஏறியது: சோக்கை (குளிரில் ஸ்டார்ட் செய்ய ஜெட்டை இறக்கிப் பெட்ரோலைக் கூட்டும் விசை) உள்ளே தள்ளிய பிறகும் ஜெட் முழுதாகத் திரும்பாமல் தொங்கிக்கொண்டிருந்தது. இணைப்பைச் சுத்தம் செய்து, திரும்பும் ஸ்பிரிங்கை மாற்றியதும் சரியானது. இரு கார்புரேட்டர்களின் காற்றளவையும் சமன்செய்துவிட்டு, லிஃப்டிங் பின் என்ற சிறு ஊசியைக் கொண்டு பிஸ்டனை ஏறத்தாழ 0.8 மிமீ உயர்த்திப் பார்க்க வேண்டும். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் தளர்ந்து அணையப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் லேசாகக் கூடி மீண்டும் பழைய நிலைக்கு வந்தால் சரி. திருத்தம் தேவைப்பட்டால் ஜெட் நட்டை ஒவ்வொரு பட்டையாக (நட்டின் ஒரு பக்க அளவு) மட்டும் திருப்புங்கள்.

என் தேர்வில் வராதவற்றில் பாயிண்டில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சரையும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டாரையும் விட்டுவிடாதீர்கள். கண்டென்சர் பழுதானால் சூடேறிய பிறகு வெட்டும், பாயிண்ட் விரைவில் கருகும். ரிவிட் அடித்த சில புதிய ரோட்டார்களில் மின்சாரம் ரிவிட் வழியாகத் தண்டுக்கே பாய்ந்துவிடுவதுண்டு. புதுப் பாகம் போட்டாயிற்று என்பதற்காக அதை ஐயப்பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது. தேய்ந்த திராட்டில் தண்டின் வழியே காற்று உள்ளே போவதும், பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஃப்ளோட் நீடில் சிக்கிப் பெட்ரோல் வழிவதும் கேட்கப்படலாம். 1967 வரையிலான எம்ஜிபிக்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த்; மீட்டரை இணைக்குமுன் அதைப் பாருங்கள்.

விடைத்தாளில் "கம்பி மாற்றப்பட்டது" என்று மட்டும் எழுதினால் வேலைக்கான மதிப்பெண்தான் கிடைக்கும். எந்தச் சோதனை செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன கண்டீர்கள், அதனால் எது விலக்கப்பட்டது என்று சோதனைக்கு ஒரு வரியாக, செய்யும்போதே எழுதிக்கொண்டு போங்கள். கடைசியில் நினைவிலிருந்து எழுத நேரம் இருக்காது. பிளக்குகளைத் துடைத்துப் போட்டு வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிய பிறகு மீண்டும் கழற்றி, நான்கின் நிறத்தையும் அதே தாளின் இறுதி வரியில் பதியுங்கள்.