போட்டித் தடை ஷரத்து: ஆளையா, அவர் எடுத்துப்போனதையா?

விற்பனை மேலாளர் வேலையை விட்டுப் போய்ப் பத்து நாள் ஆகியிருக்கும். பழைய வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து, "உங்க ஆளுதான் இப்போ வேற கம்பெனியிலேர்ந்து கொட்டேஷன் அனுப்பியிருக்கார்" என்பார். அன்று மாலையே முதலாளி அப்பாயின்ட்மென்ட் ஆர்டரோடு வக்கீல் அலுவலகத்துக்கு வந்துவிடுவார். ஒரு ஷரத்தின் மேல் மஞ்சள் மை பூசியிருக்கும்: விலகிய நாள் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு இதே தொழிலில் வேறெங்கும் சேரக் கூடாது. கீழே கையெழுத்தும் இருக்கிறது. ஆளை நிறுத்துங்கள் என்பதுதான் அவருடைய கோரிக்கை.

அந்த ஷரத்தை வைத்து ஆளை நிறுத்த முடியாது என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். தயங்கித் தள்ளிப்போட்டால் கட்சிக்காரரின் பணமும் நாளும் வீணாகும். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, சட்டப்படியான தொழிலையோ வியாபாரத்தையோ செய்யவிடாமல் ஒருவரைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. இங்கிலாந்தில் தடை நியாயமானதா என்று பார்ப்பார்கள். நம் சட்டத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. பகுதித் தடையும் தடைதான் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 1874-லேயே சொல்லிவிட்டது. நியாயமான தடையை அனுமதிக்கலாம் என்று சட்ட ஆணையம் 1958-இல் பரிந்துரைத்தும் பிரிவு மாறவில்லை. ஆகவே இரண்டு ஆண்டை ஆறு மாதமாகவும், இந்தியாவைச் சென்னையாகவும் குறைத்து எழுதினாலும் பயனில்லை. 2025 ஜூனில்கூட, ஒரு மென்பொருள் பொறியாளருக்கு எதிராகக் கீழ் நீதிமன்றம் கொடுத்த தடையை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. விலகிய பிறகும் சம்பளம் கொடுத்து வீட்டில் உட்கார வைக்கும் 'கார்டன் லீவ்' ஷரத்தும் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

அப்படியானால் நிறுவனத்துக்கு எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. வேலையில் இருக்கும் காலத்துக்கான தடை செல்லும். 1967-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த செஞ்சுரி ஸ்பின்னிங் வழக்குதான் இதற்கு அடிப்படை. டயர் கார்டு நூல் ஆலையில் ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்த மேற்பார்வையாளர், பயிற்சியெல்லாம் முடிந்தபின் பாதியில் விட்டுவிட்டுக் கோட்டாவில் இருந்த போட்டி ஆலைக்குப் போனார். ஒப்பந்தக் காலம் முடியும் 1968 மார்ச் வரை அவர் அங்கே வேலை செய்யக் கூடாது என்ற தடை உறுதியானது. ஆனால் இன்றைய நியமனங்கள் பெரும்பாலும் காலவரையறை இல்லாதவை, ஒரு மாதமோ மூன்று மாதமோ நோட்டீஸ் கொடுத்து விலகக்கூடியவை. அவற்றில் இந்தத் தடையின் ஆயுள் நோட்டீஸ் பீரியடோடு முடிகிறது. இந்த வழக்கைக் காட்டி நிரந்தர ஊழியருக்கு எதிராகத் தடை கேட்பவர்கள் தோற்பது அதனால்தான்.

இரண்டாவது, ரகசியம். ஆள் போகலாம், நிறுவனத்தின் பார்முலாவோ விலைப்பட்டியலோ அவரோடு போகக் கூடாது. எங்கள் தொழிலில் உண்மையான சண்டை நடப்பது இங்கேதான், அதிக வழக்குகள் கெட்டுப்போவதும் இங்கேதான்.

முதலில் கெடுவது லேப்டாப். ஊழியர் திருப்பிக் கொடுத்த மறுநாளே ஐ.டி. பிரிவு அதை ஃபார்மட் செய்து புதிதாகச் சேர்ந்தவர் கையில் கொடுத்துவிடும். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, வழக்கமே அப்படி. மூன்று வாரம் கழித்து வக்கீல் கேட்கும்போது சாட்சியம் அழிந்திருக்கும். முக்கியப் பொறுப்பில் இருந்தவர் விலகினால் அந்தக் கருவியை உறையில் போட்டு ஒட்டி, தேதியிட்டு, இரண்டு பேர் கையெழுத்திட்டு எடுத்துவைப்பது நல்லது. குறைந்தது தொண்ணூறு நாளாவது அதைத் தொடக் கூடாது. சந்தேகம் இருந்தால் வெளி நிபுணரைக் கொண்டு முழுப் பிரதி எடுத்து, ஹாஷ் மதிப்பை (பிரதி பிறகு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) குறித்துக்கொள்ள வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தில், மின்னணு ஆவணத்தோடு தர வேண்டிய 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் இரண்டு பகுதிகள் உண்டு: ஒன்றைக் கருவியைப் பொறுப்பில் வைத்திருந்தவர் நிரப்ப வேண்டும், மற்றதை நிபுணர். இரண்டிலும் ஹாஷ் மதிப்பு கேட்கப்படுகிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி சான்றிதழ் மாதிரியை அப்படியே நகலெடுத்துத் தாக்கல் செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், விசாரணையில் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான்.

அடுத்தது, எது ரகசியம் என்று சொல்லத் தெரியாமல் இருப்பது. "எங்கள் ரகசியத் தகவல்கள் அனைத்தும்" என்று மனுவில் எழுதினால் நீதிபதி கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது. எந்தக் கோப்பு, எந்தத் தேதியில், எந்த மின்னஞ்சலிலிருந்து எந்தத் தனிப்பட்ட முகவரிக்குப் போனது, அதைப் பார்க்க நிறுவனத்தில் எத்தனை பேருக்கு அனுமதி இருந்தது என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் பெயர்கள் நிறுவனத்தின் இணையதளத்திலேயே 'எங்கள் வாடிக்கையாளர்கள்' என்ற பக்கத்தில் லோகோவோடு இருந்தால் அது ரகசியமே இல்லை. அதே வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் தள்ளுபடி, லாப விகிதம், ஒப்பந்தம் புதுப்பிக்கும் தேதி ஆகியவை ரகசியம். பட்டியலை முத்திரையிட்ட உறையில் தர அனுமதி கேட்க மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் பாதுகாக்க வந்த ரகசியம் மனுவின் இணைப்பாகவே எதிர்த்தரப்பின் கைக்குப் போய்ச் சேரும்.

காலமும் முக்கியம். உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 39-இன் கீழ் எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்காலத் தடை கேட்கலாம். ஆனால் விஷயம் தெரிந்து இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டு அவசரம் என்று சொன்னால் எடுபடாது. தடை கிடைத்தால் வேலை அங்கேயே தொடங்குகிறது. மனுவையும் ஆவணங்களையும் உடனே எதிர்த்தரப்புக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அன்றோ மறுநாளோ அதற்கான பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். இந்தச் சிறிய காரியத்தை ஜூனியர் தவறவிட்டதற்காகவே நல்ல தடையுத்தரவுகள் கலைந்திருக்கின்றன.

இனி மறுபக்கம். ஊழியருக்காகவோ அவரைச் சேர்த்துக்கொண்ட நிறுவனத்துக்காகவோ வாதாடுபவர் 27-ஆம் பிரிவை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. சட்டம் பக்கம் இருந்தும் நடத்தையால் தோற்றவர்கள் உண்டு. நோட்டீஸ் பீரியடிலேயே மனைவி பெயரிலோ தம்பி பெயரிலோ கம்பெனி பதிவு செய்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பதிவு நாளும் இயக்குநர் பெயர்களும் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் எவரும் பார்க்கக்கூடியவை. ஜி.எஸ்.டி. பதிவு நாளும் அப்படியே. கடைசி வேலை நாளுக்கு முந்தைய தேதி ஒன்று அதில் இருந்தால், வேலையில் இருக்கும்போதே போட்டி என்று வழக்கு மாறிவிடும்.

பழைய அலுவலகக் கோப்புகள் சொந்த போனில் இருந்தால் பயந்துபோய் அழிக்கக் கூடாது. அழிப்பதே பிறகு குற்றச்சாட்டாகும். என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எழுதி, எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்படைத்து, ஒப்புகை வாங்குவது பாதுகாப்பு. புதிய நிறுவனமும் சேரும் நாளிலேயே, பழைய இடத்தின் எந்த ஆவணமும் கொண்டுவரவில்லை என்று உறுதிமொழி வாங்கிவைக்க வேண்டும். வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டால் உடனே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148-ஏ பிரிவின் கீழ் கேவியட் (எங்களையும் கேளுங்கள் என்ற முன்மனு) போடலாம். அது தொண்ணூறு நாள் உயிரோடு இருக்கும், நம்மைக் கேட்காமல் தடை கொடுப்பதைத் தவிர்க்கும். எந்த ஊர் நீதிமன்றத்தில் போடுவது என்பதற்கு ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். மும்பையில்தான் வழக்கு என்று எழுதிய ஷரத்து ஊழியரையும் கட்டுப்படுத்தும் என்று எச்டிஎஃப்சி பேங்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொல்லியிருக்கிறது.

பாண்டுத் தொகை வேறு விஷயம். மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற ஷரத்தை விஜயா பேங்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ஏற்றது. அது வேறு இடத்தில் சேருவதைத் தடுக்கவில்லை, சீக்கிரம் விலகுவதற்கு விலை வைத்தது. பொதுத்துறை வங்கி புதிதாக ஆள் எடுக்க ஆகும் செலவையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. தனியார் நிறுவனம் அதே தீர்ப்பைக் காட்டி 10 லட்சம் கேட்டால், பயிற்சிக்கு என்ன செலவானது என்ற பில்லைக் கேட்பார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி எழுதிய தொகை உச்ச வரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடே கிடைக்கும்.

உண்மையிலேயே செல்லக்கூடிய போட்டித் தடை வியாபாரத்தையே விற்கும்போது வருகிறது. வியாபாரத்தின் நற்பெயரை (குட்வில்) விற்பவர் குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலைச் செய்யக் கூடாது என்பது 27-ஆம் பிரிவிலேயே உள்ள விதிவிலக்கு. எழுதும்போது மூன்றைக் கவனிக்க வேண்டும்: நற்பெயர் விற்கப்படுகிறது என்று வெளிப்படையாகச் சொல்வது, அதற்கான தொகையைத் தனியே காட்டுவது, ஊர் எல்லையைப் பெயர் சொல்லி எழுதுவது. வாங்கியவர் அந்த எல்லைக்குள் தொழிலை நிறுத்திவிட்டால் தடையும் போய்விடும். கூட்டு வணிகத்திலிருந்து விலகும் பங்குதாரருக்கு 1932-ஆம் ஆண்டுச் சட்டம் தனி விதி வைத்திருக்கிறது.

சொற்களிலும் கவனம் தேவை. 1980-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த சூப்பரின்டென்டன்ஸ் கம்பெனி வழக்கில், ஊழியர் 'விட்டுச் சென்ற' பிறகு தடை என்று எழுதியிருந்தார்கள். அவரை நிறுவனமே நீக்கியிருந்தது. நீக்கப்பட்டவர் விட்டுச் சென்றவர் அல்ல என்பதாலேயே மூன்று நீதிபதிகளில் இருவர் நிறுவனத்துக்கு எதிராக முடிவெடுத்தார்கள்.

இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் சமரசத்தில் முடியும். கோப்புகள் திரும்ப வரும், கருவிகளை நிபுணர் பார்ப்பார், பட்டியலிட்ட பத்துப் பன்னிரண்டு வாடிக்கையாளரின் விலைத் தகவலைப் பயன்படுத்த மாட்டேன் என்று ஊழியர் நீதிமன்றத்தில் உறுதி கொடுப்பார். அந்த மகிழ்ச்சியில், "மேலும் ஓராண்டுக்கு இத்தொழிலில் ஈடுபட மாட்டார்" என்று யாராவது ஒரு வரியைச் சேர்க்கப் பார்ப்பார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 23 விதி 3-இன் விளக்கம், ஒப்பந்தச் சட்டப்படி செல்லாத சமரசம் சட்டபூர்வமான சமரசமே ஆகாது என்கிறது. கையெழுத்து வாங்குவதற்கு முன் அந்த வரியை அடித்துவிட வேண்டும்.