புளியங்கொட்டை வைத்துப் படித்த பிபிஎம்என்

அலுவலகப் பணிநடைகளை வரைபடமாக்கும் பிபிஎம்என் (BPMN) முறையைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் குறியீடுகளை மனப்பாடம் செய்கிறார்கள். நானும் அப்படித்தான் ஒரு மாதத்தைச் செலவிட்டேன். மெல்லிய கோட்டு வட்டம் தொடக்கம், தடித்த கோட்டு வட்டம் முடிவு, முனை மழுங்கிய செவ்வகம் வேலை, சாய்சதுரம் கேட்வே (பாதை பிரியும் அல்லது சேரும் இடம்) என்பதெல்லாம் இரண்டு நாளில் கைவந்துவிடும். 2011இல் வெளியான 2.0 பதிப்பை ஒட்டிய குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

கடினம் கேட்வேயில்தான் இருக்கிறது. கொள்முதல் பில் ஒன்று வந்ததும் சரக்கு வந்துசேர்ந்ததா என்று ஸ்டோர்ஸும், விலை சரியா என்று கணக்குப் பிரிவும் ஒரே சமயத்தில் பார்ப்பதாக வரைந்திருந்தேன். பிரியும் இடத்தில் கூட்டல் குறியும் சேரும் இடத்தில் பெருக்கல் குறியும் இட்டிருந்த அந்தப் படம் பார்வைக்குச் சரியாகவே இருந்தது. ஆசிரியர் சொன்னபடி பில்லுக்குப் பதிலாகத் தொடக்க வட்டத்தில் ஒரு புளியங்கொட்டையை வைத்து நகர்த்திப் பார்த்தேன். கூட்டல் குறி எல்லாப் பாதைகளிலும் அனுப்பும் என்பதால் அங்கே கொட்டை இரண்டானது. பெருக்கல் குறியோ ஒன்றுக்காக மற்றொன்றைக் காக்க வைக்காமல் வந்ததை வந்தபடியே அனுப்பியதால், பணம் வழங்கும் கட்டத்துக்கு இரண்டு கொட்டைகள் போய்ச் சேர்ந்தன. ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம்! மாறாக, ஒரே ஒரு பாதையைத் தேர்ந்தெடுக்கும் பெருக்கல் குறியில் பிரித்து, எல்லாப் பாதைகளுக்காகவும் காத்திருக்கும் கூட்டல் குறியில் சேர்த்தால், ஒருபோதும் வராத இன்னொரு கொட்டைக்காகப் பணி அங்கேயே நின்றுவிடும். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இந்த இரண்டு பிழைகளையும் கையால் நகர்த்தியே பழகுவது நல்லது.

நடப்பிலுள்ள பணியை வரையும்போது விதிமுறையைக் கேட்காதீர்கள். கடைசியாக வந்த பில்லை என்ன செய்தீர்கள் என்று, அதைக் கையாண்டவரிடமே கேளுங்கள். அடுத்து தேக்கத்தை எண்ணுங்கள். நாளொன்றுக்கு 20 பில்கள் வந்து போகும் மேசையில் எப்போதும் 60 பில்கள் கிடந்தால், ஒரு பில் சராசரியாக 3 நாள் காத்திருக்கிறது என்பது ஆய்வாளர் ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி. சீர்திருத்தத்தை அந்த மேசையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

திருத்திய படத்தையும் கொட்டை வைத்தே சோதியுங்கள். மேலாளர் இரண்டு நாளில் ஒப்புதல் தராவிட்டால் பில் துணை மேலாளருக்குப் போகும்படி அந்த வேலையின் விளிம்பில் கடிகாரக் குறி இடுவோம். அதன் வட்டம் முழுக்கோடாக இருந்தால் மேலாளரிடம் உள்ள வேலை அத்துடன் நிற்கும், விட்டுவிட்ட கோடாக இருந்தால் இருவர் மேசையிலும் ஆளுக்கொரு கொட்டை இருக்கும்.