சைகோனில் வீதி கடக்கிற முறையும் அது சென்னையில் சரிவராத காரணமும்

ஆஸ்பத்திரி வீதியைக் கடக்கிற யாழ்ப்பாணத்தாரின் கழுத்து தன்பாட்டில் முதலில் வலப்பக்கம்தான் திரும்பும். இடப்பக்கமாக வாகனம் ஓடுகிற நாட்டில் அது சரியான பழக்கம். வியட்நாமில் வாகனங்கள் வலப்பக்கமாக ஓடுகின்றன. அங்கே நடைபாதையை விட்டுக் கால் இறக்கியதும் முதலில் வருவது இடப்பக்கத்து மோட்டார் சைக்கிள். ஆகவே முதலில் இடம், பாதி வீதி தாண்டியதும் வலம். ஒருவழிப் பாதையிலும் எதிர்த்திசையில் சைக்கிள்காரர் வருவார்கள் என்பதால் மற்றப் பக்கத்தையும் ஒரு தரம் பார்த்துவிட்டு இறங்குங்கள். நெரிசல் நேரத்தில் மோட்டார் சைக்கிள்கள் நடைபாதையிலும் ஏறி ஓடும். அதிலும் கவனம் வேணும்.

வியட்நாமின் பெரிய நகரங்களான சைகோனிலும் (ஹோ சி மின் நகரம்) ஹனோயிலும் இடைவெளி வரட்டும் என்று காத்து நின்றால் நின்றுகொண்டே இருக்கவேண்டியதுதான். அங்கே சனம் ஓடுகிற வாகனங்களுக்குள்ளேயே இறங்கி நடக்கிறது. பார்க்கப் பயமாக இருந்தாலும் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மணிக்கு 25 கிலோமீற்றரில் வருகிற மோட்டார் சைக்கிள் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 7 மீற்றர் ஓடும். நீங்கள் செக்கனுக்கு 1.2 மீற்றர் நடக்கிறீர்கள் என்று வையுங்கள். இருபது மீற்றர் தூரத்தில் உங்களைக் காண்கிறவர், தான் வந்துசேர எடுக்கும் மூன்று செக்கனில் நீங்கள் மூன்றரை மீற்றர் முன்னே போயிருப்பீர்கள் என்று மனதிலே கணித்து, உங்கள் முதுகுப் பக்கத்தால் விலகிப் போவார். அவர் கணக்குப் பிழைக்காமல் இருக்க, உங்கள் வேகம் மாறாமல் இருக்கவேண்டும். ஓடினால் அவருக்கு முன்னால் போய் விழுவீர்கள். பயந்து ஒரு அடி பின்வைத்தால், அவர் விலகுவதற்குத் தெரிந்தெடுத்த இடத்திலேயே போய் நிற்பீர்கள். எல்லாவற்றிலும் ஆபத்து இந்தப் பின்னடிதான். மனம் சரியாகக் குழம்பிவிட்டால் அப்படியே அசையாமல் நில்லுங்கள். நிற்கிற ஆளைச் சுற்றிப் போவது அவர்களுக்குச் சுலபம்.

கையைத் தாழ்த்தி, உள்ளங்கையை வருகிறவர் பக்கம் விரித்துப் பிடித்தால் உங்களைக் கெதியாகக் கவனிப்பார்கள். கைத்தொலைபேசி பையிலே இருக்கட்டும். ஹோர்ன் சத்தம் கேட்டுத் துள்ளவும் வேண்டாம். நம் தனியார் பஸ் அடிக்கிற ஹோர்னுக்கு ‘விலகு’ என்று பொருள். அங்கே குட்டியாக அடிக்கிற ஹோர்ன் பெரும்பாலும் ‘நான் வாறன்’ என்று சொல்வது மட்டும்தான்.

குடும்பமாகப் போனால் ஒருவர் பின் ஒருவராக நடக்காதீர்கள். நாலு பேர் வரிசையாக வீதிக்குக் குறுக்கே போனால் மதில் கட்டினது மாதிரி. எந்த இடைவெளியால் போவதென்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. தோளோடு தோள் சேர்ந்து ஒரே அடியாக நடந்தால் வருகிறவருக்கு ஒரு ஆளின் அகலம்தான் தெரியும். வாகனம் வருகிற பக்கத்தில் பெரியவர் நின்று, பிள்ளைகளை மறுபக்கம் விட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் மோட்டார் சைக்கிளுக்குத்தான் பொருந்தும். பஸ், லொறி, கார் எதுவும் உங்களைச் சுற்றி வளையாது, வளைய இடமும் இராது. பெரிய வாகனம் வருகிறதென்றால் அது போகும்வரை நடைபாதையிலேயே நில்லுங்கள்.

சென்னையில் சைகோன் முறை சரிவராததற்கும் இதுதான் காரணம். அங்கே ஒரே வீதியில் பஸ், கார், ஓட்டோ, மோட்டார் சைக்கிள் எல்லாம் கலந்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் வரும். பலாலியிலிருந்து போய் இறங்கினதும் தமிழ் கேட்கும், வாகனமும் நம்மைப்போல இடப்பக்கம் ஓடும். அதனாலேயே நம் ஆட்கள் கவனத்தைத் தளர்த்திவிடுகிறார்கள். சென்னையில் இடைவெளிக்காகக் காத்திருக்கவேண்டும். உள்ளூர்ச் சனம் கூட்டமாக இறங்கும்போது அவர்களோடு, வாகனம் வராத பக்கத்தில் சேர்ந்து கடவுங்கள். நடுவில் தடுப்புள்ள வீதிகளில் யு-டேர்ன் வாய் தூரத்தில் இருப்பதால், அவ்வளவு தூரம் சுற்ற மனமில்லாதவர்கள் ஓரமாக எதிர்த்திசையில் வருவார்கள். அதனால் பிழையான பக்கத்தையும் பார்த்தே ஆகவேண்டும். பஸ் நடைபாதையோடு ஒட்டாமல் தள்ளி நிற்கும், அந்த இடைவெளிக்குள்ளால் மோட்டார் சைக்கிள் நுழையும். படியிலிருந்து கால் வைக்கமுன் இடப்பக்கம், பஸ்ஸின் பின்பக்கமாகப் பாருங்கள்.

முடிந்த இடத்தில் வீதியில் இறங்காமலே விடலாம். மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி. நகர் பஸ் நிலையத்துக்கு 2023 இல் திறந்த நடைமேம்பாலம் இருக்கிறது. கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போகிறவர்களுக்குப் பெரிய உதவி. சென்ட்ரலில் மெட்ரோச் சுரங்கப்பாதையால் மறுபக்கம் ஏறலாம்.

டக்சியால் இறங்குவதிலும் நாட்டுக்கு நாடு வித்தியாசம். வியட்நாமில் நடைபாதைப் பக்கத்துக் கதவு வலது, சென்னையில் இடது. வீதிப் பக்கத்துக் கதவைத் திறந்தே ஆகவேண்டுமென்றால் கதவுக்குத் தூரமான கையால் திறவுங்கள். இடக் கதவுக்கு வலக் கை. உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிறவர் கண்ணில் படுவார்.

வியட்நாமில் மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்கிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அந்த நாடு ஏற்பது வீதிப் போக்குவரத்துக்கான 1968 வியன்னா உடன்படிக்கையின்படியான சர்வதேச சாரதி அனுமதிப் பத்திரம். இலங்கை சேர்ந்திருப்பது 1949 ஜெனீவா உடன்படிக்கையில், ஆகவே நம் பத்திரம் அங்கே செல்லாது. கடைக்காரர் ஒன்றும் கேளாமல் திறப்பைத் தருவார். விபத்து நடந்தால், செல்லாத அனுமதிப் பத்திரத்தைக் காட்டிக் காப்புறுதிக்காரர் பணம் தர மறுக்கலாம்.

முழங்கால் வருத்தமுள்ள அம்மா, அப்பாவைக் கூட்டிப் போனால் வீதி கடக்கவே வைக்கவேண்டாம். வியட்நாமில் கிராப் செயலியில் டக்சி கூப்பிடும்போது ஏறும் இடத்தையும் இறங்கும் இடத்தையும் வீதியின் சரியான பக்கத்தில் குறியுங்கள். சுற்றிவர இன்னும் கொஞ்சம் காசு போகும், போகட்டும். புறப்படமுன் அவசர இலக்கங்களையும் எழுதி அவர்கள் பையில் வையுங்கள். நம் நாட்டு அம்புலன்ஸ் இலக்கமான 1990 வெளிநாட்டில் எடுபடாது. அம்புலன்ஸுக்கு வியட்நாமில் 115, தமிழ்நாட்டில் 108.