கையைக் குறை சொல்வதற்கு முன் செட்டிங்கைப் பாருங்கள்: டிஜிட்டல் ஓவியம் தொடங்குகிறவர்களுக்கு

கடதாசியில் வடிவாக வரைகிற பலர் டிஜிட்டலுக்கு வந்த இரண்டாம் கிழமையே "எனக்கு இது சரிவராது" என்று விட்டுவிடுகிறார்கள். கோடு நடுங்குகிறது, வட்டம் முட்டை வடிவாகிறது, எவ்வளவு அழுத்தினாலும் கோடு ஒரே தடிப்பில் வருகிறது. இவற்றில் பெரும்பாலானவை அரை மணித்தியாலத்தில் திருத்தக்கூடிய செட்டிங் கோளாறுகள். அதைத் தெரியாமல் நாள்கணக்காகக் கையைத் திட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

முதலில் சாமான். கையில் இருக்கிற போனே தொடங்கப் போதும். ஐபிஸ் பெயின்ட் என்கிற வரையும் செயலி இலவசம். விளம்பரம் வரும், பொறுத்துக்கொள்ளலாம். கடைகளில் மலிவாகக் கிடைக்கிற ரப்பர் முனைப் பேனாவும் வட்டத் தகடு வைத்த பேனாவும் விரலின் வேலையைத்தான் செய்யும். அழுத்தத்தை உணராது. அதனால் தூரிகை செட்டிங்கில் கோட்டின் தொடக்கத்தையும் முடிவையும் மெலிதாக்கும் தெரிவைப் போட்டுக்கொள்ளுங்கள், கோட்டில் கொஞ்சம் உயிர் வரும். உண்மையான அழுத்தம் வேண்டுமென்றால் எஸ்-பென் போல அழுத்தம் உணரும் பேனாவோடு வருகிற டப்லெட் வேண்டும், இல்லாவிட்டால் லெப்டொப்போடு ஒரு பென் டப்லெட், அதாவது கணினியோடு இணைத்துப் பேனாவால் வரைகிற பலகை.

திரையில்லாத பென் டப்லெட்டே தொடக்கத்துக்குத் திறம். 6×4 அங்குல வரைபரப்பு மேசையில் இடம் பிடிக்காது. தோளிலிருந்து நீளமாகக் கோடு இழுக்கும் பழக்கம் உள்ளவர்கள் 10×6 வாங்கலாம். வாகொம், ஹுயியன், எக்ஸ்பி-பென் மூன்றிலும் பற்றரி தேவையில்லாத பேனாவுள்ள மொடல்கள் உண்டு, அதையே கேளுங்கள். பெட்டியில் 2048, 4096, 8192 என்று அழுத்தப் படிகளைப் பெரிதாக அச்சடித்திருப்பார்கள். தொடக்கக்காரருக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. அதற்காகக் கூடக் காசு கொடுக்க வேண்டாம். போனோடு இணைப்பதாக இருந்தால் ஒன்றைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்: பல மொடல்கள் போனை நிமிர்த்திப் பிடிக்கும்போது பரப்பின் ஒரு சின்னத் துண்டில் மட்டும்தான் வேலைசெய்யும்.

இனி செட்டிங். பழைய டப்லெட்டின் டிரைவர் (டப்லெட்டைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) கணினியில் இருந்தால் அதை அகற்றி, மீளத் தொடக்கி, அதன்பிறகே புதியதைப் போட வேண்டும். இரண்டு டிரைவர் ஒன்றாக இருந்தால் பேனா நகரும், அழுத்தம் வேலைசெய்யாது. கிரிட்டா என்கிற இலவச வரைதல் மென்பொருளைப் பாவிப்பவர்கள் அழுத்தம் வராவிட்டால் கொன்ஃபிகர் கிரிட்டாவுக்குள் டப்லெட் செட்டிங்ஸ் போய், பேனாவின் அழுத்தத்தை மென்பொருளுக்குச் சொல்லும் வின்டாப், விண்டோஸ் இங்க் என்ற இரண்டு வழிகளில் இப்போது இருப்பதை மற்றதற்கு மாற்றி, கிரிட்டாவை மூடித் திறவுங்கள். பலருக்கு அதோடு சரியாகிவிடும். அதே பக்கத்தில், எவ்வளவு அழுத்தினால் கோடு எவ்வளவு தடிக்கும் என்பதைத் தீர்மானிக்கும் அழுத்த வளைவும் இருக்கிறது. மெல்லத் தொடுகிற கையென்றால் வளைவை மேலே தூக்குங்கள்; அழுத்தி எழுதுகிற கையென்றால் கீழே இறக்குங்கள். மணிக்கட்டு நோகும் அளவுக்கு அழுத்தித்தான் கறுப்புக் கோடு வருகிறதென்றால் குறை அந்த வளைவில்தான்.

வட்டம் ஏன் முட்டையாகிறது? டப்லெட்டின் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் வேறாக இருப்பதால். 152×95 மில்லிமீற்றர் பரப்பு 16:10. லெப்டொப் திரை பெரும்பாலும் 16:9. டிரைவரில் விகிதத்தைத் திரையோடு ஒத்துப்போகச் செய்யும் தெரிவைப் போட்டால் உயரத்தில் ஏறக்குறைய 9.5 மில்லிமீற்றர் பாவனையில் இல்லாமல் போகும். போகட்டும். சோதிக்க ஒரு ஜாம் போத்தல் மூடியை டப்லெட்டில் வைத்து அதைச் சுற்றி வரையுங்கள். திரையிலும் வட்டமாகவே வர வேண்டும்.

நடுக்கத்துக்குக் கோட்டைச் சீராக்கும் ஸ்மூதிங் இருக்கிறது, ஆனால் அளவோடு. அது கடந்த சில புள்ளிகளின் சராசரியை எடுத்துக் கோட்டை இழுப்பதால் கூட்டக் கூட்டக் கோடு பேனாவுக்குப் பின்னால் தங்கும், கூரான மூலைகள் உருண்டுபோகும். கிரிட்டாவின் ஸ்மூதிங் தெரிவுகளில் ஸ்கெச்சுக்கு பேசிக் போதும். முடிவுக் கோட்டுக்கு மட்டும் ஸ்டெபிலைசர். ஐபிஸ் பெயின்டில் 3 முதல் 5 வரை வைத்துப் பாருங்கள். மிச்ச நடுக்கம் கையை மணிக்கட்டில் ஊன்றி வரைவதால் வருவது. திரையில் இரண்டு புள்ளி வைத்து, முழங்கையை அசைத்து, ஒரே இழுப்பில் இணைக்கப் பழகுங்கள். மெல்ல இழுத்தால் நடுக்கம் கூடும், கொஞ்சம் கெதியாக இழுக்க வேண்டும்.

எங்கள் திருகோணமலைக் காற்றுக்கென்று தனியாக இரண்டு சொல்ல வேண்டும். வியர்த்த கை டப்லெட்டில் ஒட்டி இழுபடும். போனிலோ திரை அதைத் தொடுகை என்று எடுத்துத் தேவையில்லாத கோடு போடும். பழைய பருத்திக் கையுறையில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் வெட்டிவிட்டுப் போடுங்கள். மற்றது மணல். கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்கள் வரையத் தொடங்குமுன் டப்லெட்டைத் துடைக்க வேண்டும், ஒரு மணல்மணி முனைக்கடியில் அகப்பட்டால் பரப்பில் கீறல் விழும். பேனா முனை ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்து விளிம்பு கூரானால் அதுவும் கீறும். உதிரி முனைகள் அநேகமாகப் பெட்டிக்குள்ளேயே இருக்கும்.

கன்வஸ் (வரைகிற தாள்) அளவு ஏ4, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), அதாவது 3508×2480 பிக்சல். ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிற கண்ணாடித் தாள் போன்றது லேயர்; முழுதாக நிரம்பிய ஒன்று கிட்டத்தட்ட 35 எம்பி நினைவகம் எடுக்கும். 4 ஜிபி ரம் உள்ள லெப்டொப்பில் 20 லேயர் போட்டுவிட்டு "தூரிகை இழுபடுகிறது" என்று முறைப்பட்டால் என்ன செய்வது? முதல் படத்துக்கு 5 லேயர் போதும்.

முதல் படத்துக்கு திருகோணமலை டச்பே கடற்கரையிலிருந்து தெரிகிற, கோணேசர் கோயில் நிற்கும் கோணேசர் மலையை எடுக்கச் சொல்வேன், காலை ஆறரை மணி வெளிச்சத்தில். காரணம் பக்தி மட்டுமல்ல. அந்த நேரம் வெயில் கடல் பக்கமிருந்து வரும். வானம் வெளிர், மலை நடுத்தரம், கரையில் இழுத்துவிட்ட வள்ளம் கடுமை என்று வெளிச்சம் இருட்டின் மூன்று அளவும் தானாகப் பிரிந்து நிற்கும். போட்டோ எடுக்கும்போது இரண்டு மடங்கு சூம் போடுங்கள். போனின் அகலக்கோண லென்ஸில் மலை அடிவானத்தில் ஒரு பொட்டாகச் சுருங்கிவிடும்.

நிறத்தைத் தொடாதீர்கள். கடினமான விளிம்புள்ள ஒரே தூரிகை, ஒபாசிட்டி (நிறம் அடியை மறைக்கும் அளவு) 100, மூன்று சாம்பல் நிறங்கள். தீப்பெட்டி அளவில் நாலு குட்டிப் படம் போட்டு, திரையிலிருந்து தள்ளி நின்றாலும் புரிகிற ஒன்றைத் தெரிவுசெய்து பெரிதாக்குங்கள். மென்மையான ஏர்பிரஷை இந்தக் கட்டத்தில் எடுத்தால் விளிம்பெல்லாம் கரைந்து படம் சேறாகும். புதியவர்களின் படங்களில் அடிக்கடி காண்கிற குறை இதுதான். அடுத்தது, கோயிலைக் கண்டவுடன் கோபுரச் சிற்பம் ஒவ்வொன்றையும் வரையப் போவது. அந்தத் தூரத்திலிருந்து கோபுரம் நாலைந்து தட்டுத்தான்.

பிறகு நிறம். சாம்பல் லேயருக்கு மேலே புதிய லேயர் போட்டு அதே கடுமை அளவில் நிறங்களை வையுங்கள். வெயில் பட்ட மணலுக்கு ஹியூ (நிற வகை) 38, சச்சுரேஷன் (நிறச் செறிவு) 30, வல்யூ (வெளிச்ச அளவு) 88 என்று தொடங்கலாம். நிழலுக்கு அதிலேயே கறுப்பைக் கலந்தால் அழுக்காகத் தெரியும். நிழலுக்குள் வெயில் வராவிட்டாலும் வானத்தின் நீலம் விழுகிறது. ஆகவே சாம்பல் கலந்த ஊதாப் பக்கம் போய், சச்சுரேஷன் 15, வல்யூ 50 அளவில் வைத்துப் பாருங்கள். காலையில் வள்ளத்தின் நிழல் கடலை விட்டு ஊர்ப்பக்கமாக விழும். அதை மாற்றி வைத்தால் எங்கள் ஊரார் உடனே பிடித்துவிடுவார்கள்.

கடலை ஒரே நீலத்தால் நிரப்புவது அடுத்த பிழை. காலடியில் தண்ணீரை நேராகக் கீழே பார்ப்பதால் அடிமணல் தெரிந்து பச்சை கலந்திருக்கும். தூரத்தில் பார்வை சாய்வதால் வானந்தான் பிரதிபலிக்கும். எனவே அடிவானத்துக் கடலின் நிறத்தை வானத்திலிருந்தே எடுத்துக் கொஞ்சம் கடுமையாக்குங்கள். கிரிட்டாவில் கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு வானத்தைத் தொட்டால் நிறம் வந்துவிடும்.

சரியா என்று பார்க்க இரண்டு வழி. எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பால் நிரப்பிய ஒரு லேயரை வைத்து அதன் பிளெண்டிங் மோடை (கீழுள்ள லேயரோடு கலக்கும் முறையை) 'கலர்' ஆக்கினால் படம் கறுப்பு வெள்ளையாகும். மலையும் வள்ளமும் ஒன்றோடொன்று கலந்து தெரிந்தால் நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கடுமை அளவு பிசகிவிட்டது. கிரிட்டாவில் எம் விசையைத் தட்டினால் பார்வை இடம்வலமாகப் புரளும். சாய்ந்த அடிவானம் அப்போது நன்றாகத் தெரியும்.

அடுத்த படத்துக்குத் திருகோணமலை பிரெட்றிக் கோட்டைக்குள் நிற்கிற மான்கள் நல்லவை, ஆளுக்குப் பயப்படாமல் நிற்கும். உடலை ஒரு லேயரில் முழுதாக முடித்து, மேலே கிளிப்பிங் போட்ட (கீழ் லேயரின் வடிவத்துக்குள் மட்டும் தெரிகிற) லேயரில் புள்ளிகளை வையுங்கள். உடலுக்கு வெளியே ஒரு புள்ளியும் சிந்தாது. கண்டபடி தெளிக்க வேண்டாம். புள்ளிமானின் புள்ளிகள் முதுகின் வளைவோடு வரிசையாகப் போகும், அந்த வரிசைதான் உடலின் உருட்சியைக் காட்டும்.

கரன்ட் போகும் என்பதை மறக்காதீர்கள். தானியங்கிச் சேமிப்பின் இடைவெளியை 5 நிமிடமாக்குங்கள். கிரிட்டாவில் கன்ட்ரோல், ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்துத் தட்டினால் இலக்கமிட்ட புதிய பிரதியாகச் சேமிக்கும்.

அச்சடிக்கக் கொடுக்கும்போது திரையில் மின்னிய கடல் நீலம் மங்கித்தான் வரும். திரை ஒளியால் காட்டுகிற சில நீலங்களையும் பச்சைகளையும் அச்சு இயந்திரத்தின் நாலு நிற மையால் எட்ட முடியாது. கிரிட்டாவில் கன்ட்ரோலும் வையும் சேர்த்துத் தட்டினால் அச்சில் எப்படி வரும் என்று ஓரளவு முன்கூட்டியே பார்க்கலாம். என்றாலும் முதலில் போஸ்ட்காட் அளவில் ஒன்று அடித்துப் பார்ப்பது நல்லது. கடைக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் படமாக அனுப்பாதீர்கள், அது சுருக்கிவிடும். பிஎன்ஜி கோப்பை டொக்கியுமென்டாக அனுப்புங்கள்.